அழுகிற பிள்ளைக்கு ஈசாக்கு

உபதேசியார் வேலை என்றால் ஜெபம் செய்வது என்று ஊர் நினைக்கிறது. பாதி நாள் பிள்ளைகளுக்குப் பேர் தேடுவதிலேயே போய்விடும் என்பது உங்களைப் போன்ற சக உபதேசிமாருக்குத்தான் தெரியும்.

வாய் செய்த வினை

பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆற்றங்கரை ஊர் ஒன்றில் என்னைப் போட்டிருந்தார்கள். பனையேறி தாவீதின் பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரே அழுகை. ஈசாக்கு என்று வையும், எபிரெய பாஷையில் அதற்குச் சிரிப்பு என்று அர்த்தம் என்றேன். சும்மா இருந்திருக்கலாம். வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் வந்து ஞானஸ்நானம் கொடுத்தபோது, தண்ணீர் தலையில் பட்டதும் பிள்ளை சிரித்துவிட்டது. வெயிலுக்குத் தண்ணீர் இதமாக இருந்திருக்கும் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் என் வாசலில் மூன்று கைப்பிள்ளைக்காரிகள்.

"எங்களுக்கும் அந்த மருந்தையே தாரும், உபதேசியாரே."

பெரியவர்களுக்கும் உண்டா?

கடுகடு சாலமோனை அவர் சம்சாரம் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இவருக்கும் பேரை மாற்றி ஈசாக்கு என்று வைக்க வேண்டுமாம். ஒருவருக்கு ஞானஸ்நானம் ஒரு தடவைதான் என்று விளக்கினேன். அந்த அம்மாள் விடவில்லை.

"அப்போ ரெண்டு சொட்டுத் தண்ணியாவது தெளிச்சுவிடும். இவுக சிரிச்சுப் பன்னிரண்டு வருசமாச்சு."

பரீட்சை

சில வருஷம் கழித்து ஐயர் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைக்க வந்தார். ஈசாக்கு எழுந்து நிற்கட்டும் என்றார். ஒன்பது பேர் எழுந்தார்கள். அதில் நாலு பேர் பயத்தில் அழுதார்கள். ஐயர் என் பக்கம் திரும்பினார்.

"உபதேசியாரே, இனி இந்த ஊரில் ஈசாக்கு கிடையாது."

பத்தாவது

ஊரில் ஞானமுத்து என்ற அம்மாளுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. ஊர்ப் பெண்கள் மலடி என்று கேலி பேசி, தங்கள் பிள்ளைகளை அவள் தூக்கக்கூட விடமாட்டார்கள். நாற்பத்தைந்தாவது வயதில் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. வேதத்தில் பிள்ளையில்லாதிருந்த சாராளுக்கு முதிர்வயதில் ஈசாக்கு பிறந்த கதையை நான் பிரசங்கம் செய்த நாள் முதலாக அவள் அந்தப் பேரை மனதில் வைத்திருந்தாளாம். உள்ளபடி அவளுக்குச் சேர வேண்டிய பேரை அழுமூஞ்சிகளுக்கெல்லாம் வாரி இறைத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். ஐயர் உத்தரவைச் சொல்லி, வேறு பேர் பார்க்கச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஞானஸ்நானத்தன்று ஐயர் பேர் கேட்டார். ஈசாக்கு என்றாள். ஐயர் என்னை முறைத்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவளே ஐயருக்குப் பதில் சொன்னாள்.

"இருபத்திரண்டு வருசமா ஊரு என்னைப் பாத்துச் சிரிச்சுது, ஐயரே. இன்னைக்கு நான் சிரிக்கேன். எம் பிள்ளைக்கு வேற என்ன பேரு வைக்கச் சொல்லுதிய?"

ஐயர் தண்ணீரை ஊற்றினார், பத்தாவது ஈசாக்கு வீறிட்டு அழுதான், பெற்றவள் சிரித்தாள். ஆக, என் மருந்து ஒரு தடவையாவது சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது.