ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க

1. வெள்ளைச் சட்டையும் நீலப் புடவையும்

டிவியில் விவசாய நிகழ்ச்சிக்குச் சவுண்ட் ரெக்கார்டிஸ்டாக இருந்தவன் நான். ஏரி, கழனி, கட்டுமரம், மாட்டுச் சந்தை என்று ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேன். ஹெட்போன் மாட்டியே காதோரம் முடி கொட்டிவிட்டது. மிச்சம் இருந்ததும் ரிடையர் ஆன பிறகு தானாகப் போய்விட்டது.

சேர்ந்த முதல் நாள் புரொடியூசர் ஒன்று சொன்னார். "பேட்டி முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க. அந்த இடத்தோட ஆம்பியன்ஸ் ஒரு நிமிஷம் தனியா எடுங்க. எடிட்டிங்ல அதுதான் நம்மளைக் காப்பாத்தும்." ஆம்பியன்ஸ் என்றால் யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கிற சத்தம். தண்ணீர், காற்று, காக்கா, எது இருக்கிறதோ அது. வெட்டி ஒட்டுகிற இடமெல்லாம் உறுத்தாமல் இருக்க, அடியில் அதை ஓட விடுவோம். நான் அதை ஒரு விரதம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். யூனிட்டில் எனக்குப் பட்டப்பெயரே 'ஒரு நிமிஷம்' என்றாகிவிட்டது.

கருங்குழிப் பக்கம் ஒரு நாள் வரிசை நடவு ஷூட்டிங். 'முன்னோடி விவசாயி' என்று திரையில் பெயர் போட்டுக் காட்ட வேண்டியவர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் வரப்பின் மேல் நின்றார். அவருக்குப் பின்னால் சேற்றில் ஐந்து பெண்கள் கயிறு பிடித்து நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வரிசை நடவால என்ன நன்மைங்க?" என்று புரொடியூசர் கேட்டார்.

மனுஷன் எச்சில் விழுங்கினார். "அது வந்து... வரிசையா இருக்கும்" என்றார்.

பின்னால் நீலப் புடவை கட்டிய பெண், நடுவதை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "கள எடுக்கத் தோதா கீது, காத்து உள்ள பூந்து வந்தா தூரு நல்லாக் கட்டும்னு சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பேட்டி நடுவில் வேறு குரல் விழுந்தால் டேக் போச்சு. "கட் சார்" என்றேன். அந்தப் பெண் பக்கம் திரும்பி, "ஏம்மா, ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருக்க மாட்டியா?" என்று கத்தினேன்.

"நாங்க எப்ப சார் பேசறது?" என்றாள் அவள், நிமிராமலே. மற்ற நான்கு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது டேக்கில் வெள்ளைச் சட்டைக்காரர் அவள் சொன்னதை அப்படியே ஒப்பித்தார். பிரமாதம் என்றார் புரொடியூசர். பிறகு எல்லாரையும் அடக்கி ஆம்பியன்ஸ் எடுத்தேன். என் சர்வீஸில் எடுத்ததிலேயே சுத்தமான ஆம்பியன்ஸ் அதுதான். அந்த ஆடியோ கேசட்டை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது பக்கத்து வீட்டு விசிஆரில் அதையும் பதிவு செய்துவைத்தேன்.

2. பொங்கல் விழா

இந்த வருஷம் புதுப்பட்டினத்தில் குடியிருப்போர் சங்கத்துப் பொங்கல் விழா. 'அந்தக் கால டிவி' என்று ஒரு மணி நேரம் ஒதுக்கி என்னைக் கூப்பிட்டார்கள். செங்கல்பட்டில் சும்மா கிடந்தவன், பழைய டேப்பைப் பென்டிரைவில் மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எந்த எபிசோட் என்று யோசிக்கவே இல்லை. கருங்குழி நடவுதான்.

டைட்டில் மியூசிக் வந்ததுமே கைதட்டினார்கள். எல்லாரும் ஒவ்வொரு ஜில்லாவிலிருந்து வேலைக்கு வந்து இங்கே தங்கிவிட்டவர்கள். ஐடி கம்பெனியில் இருக்கும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ அமைதி சார் அப்போ. இப்ப எங்க இருக்கு அந்த அமைதி?" என்றார். என் ஆம்பியன்ஸுக்குக் கிடைத்த பாராட்டு என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பெயர் ஸ்டெல்லா, கல்பாக்கத்தில் டெக்னீஷியன்.

"சார், கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. அந்த நீலப் பொடவ எங்கம்மா."

திரும்ப ஓட்டினேன். வெள்ளைச் சட்டைக்காரர் பேசுகிறார். அவர் தோளுக்குப் பின்னால் நீலப் புடவையின் வாய் அசைகிறது. அத்தனை வருஷம் அந்த டேப்பை வைத்திருந்தும் நான் அதைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு என் கண்ணெல்லாம் சவுண்ட் மீட்டரின் முள் மேலேயே இருந்தது, அப்புறம் டேப் ஓடும்போதெல்லாம் காதை மட்டும்தான் தீட்டிவைத்திருந்தேன்.

"அம்மா இன்னாவோ சொல்லிகினு கீறாங்க. சவுண்டு வெக்க முடியுமா சார்?" என்றார் ஸ்டெல்லா. "நான் ஒம்பதாவது படிக்கசொல்ல போயிட்டாங்க. ஒரே ஒரு போட்டோ கீது. கொரலு மறந்துபோச்சு சார்."

அன்றைக்கு மைக் அவர் அம்மா பக்கமே இல்லை என்று எப்படிச் சொல்வது? "வீட்டுல தனி ஆடியோ கேசட் ஒண்ணு இருக்கும்மா. தேடிப் பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

3. கேசட்

"அந்த அட்டப் பெட்டியப் போன வருஷமே காயலாங்கடைக்குப் போடுன்னேன்" என்றாள் என் மனைவி. நல்லவேளை, அவள் பேச்சை நான் கேட்கிறவன் இல்லை. பெட்டியின் அடியில் கிடைத்தது. 'கருங்குழி, நடவு, ஆம்பியன்ஸ், ஓகே' என்று என் கையெழுத்து. கெட்டுப்போன டேக்குகளை அன்றே அழித்துவிடுவது என் வழக்கம். 'ஓகே' ஆனது மட்டும்தான் மிஞ்சும். ஆனாலும் ஒரு நப்பாசை. அந்த நிமிஷத்தில் ஸ்டெல்லாவின் அம்மா ஒரு வார்த்தையாவது பேசியிருக்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார் ஸ்டெல்லா. டேப்பைப் போட்டேன்.

முதலில் என் குரல். "ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க. ரோலிங்."

அப்புறம் தண்ணீர். சேற்றிலிருந்து கால் எடுக்கும் சத்தம். வளையல். தூரத்தில் ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு லாரி. யாரோ மூச்சு விடுகிறார்கள். மறுபடி என் குரல். "ஓகே."

அவர் மூன்று தடவை போடச் சொன்னார். தலை குனிந்து கேட்டார்.

"இதுல எங்கம்மா எங்க சார்?"

"இருக்காங்கம்மா. நான் பேச வேண்டாம்னு சொன்னேன். அவங்க பேசல."

"உங்க கொரலு நல்லாக் கேக்குது சார்" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளைச் சட்டைக்காரர் டிவியில் சொன்னது முழுக்க ஸ்டெல்லாவின் அம்மா சொல்லிக் கொடுத்தது என்றேன். நான் கத்தியதையும், "நாங்க எப்ப சார் பேசறது?" என்று அவள் கேட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அதைக் கேட்டதும் ஸ்டெல்லா சிரித்துவிட்டார். "அது எங்கம்மாதான் சார்" என்றார். சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

இப்போது மைக் பிடிக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆம்பியன்ஸ் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்டுப்போன டேக்கை மட்டும் அழித்துவிடாதீர்கள். அமைதி என்று நீங்கள் பத்திரப்படுத்துவது, நீங்கள் அடக்கிவைத்த ஒருவரின் பேச்சாக இருக்கலாம்.

கேசட்டை அவரிடமே கொடுத்துவிட முடிவு செய்தேன். பேனாவை எடுத்து லேபிளில் இருந்த 'ஓகே'யை அடித்தேன். வெள்ளைச் சட்டைக்காரரின் பெயரையும் இனிஷியலையும் அன்றைக்கு ஷூட்டிங் விவரம் குறிக்கும் ஷீட்டில் பிழையில்லாமல் எழுதியவன் நான்.

"அம்மா பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

"சகாயமேரி."

எழுதிக் கொடுத்தேன்.