ஆட வந்தவர்களை வழியனுப்புவது

நோர்வேயில் என் மகன் ஆடும் மண்டபத்தில் பந்து கோட்டைத் தாண்டினால் கடிகாரமும் நின்றுவிடுகிறது. பந்து மறுபடி உருண்டால்தான் அதுவும் ஓடும். அதை நிறுத்துவதும் ஓட்டுவதும் என் வேலை. ஃபுட்சால் என்று இந்த ஆட்டத்துக்குப் பெயர். பக்கத்துக்கு ஐந்து பேர், சின்னப் பந்து, சுவர்களுக்குள்ளே கால்பந்து. பெற்றோர் முறைவைத்துக் கூலியில்லாமல் செய்யும் இப்படியான வேலையை இங்கே டுக்னாட் என்கிறார்கள். நாம் கோயிலில் செய்யும் தொண்டு போலத்தான், சாமி மட்டும் இல்லை. கந்த சஷ்டி விரத நாளிலும் வெறும் வயிற்றோடு அந்த மேசையில் இருந்திருக்கிறேன்.

நாட்டின் முதல் பிரிவு லீக் அது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அதன் ஒழுங்கு மெல்லத்தான் பிடிபட்டது. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளோடும் ஒரு தரம் தன் ஊரில், ஒரு தரம் அவர்கள் ஊரில் ஆட வேண்டும். அட்டவணையும் நடுவர்களும் சங்கத்திலிருந்து வரும். மண்டபம், கடிகாரத்துக்கு ஆள், காயத்துக்கு மருந்து எல்லாம் ஊர்க்கார அணியின் பொறுப்பு. முடிவில் மேலே இருப்பவர்கள் கிண்ணத்துக்கு ஆடுவார்கள், அடியில் கிடப்பவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்குவார்கள். ஆட வந்தவர்களை எப்படி அனுப்பிவைக்க வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டங்களில் ஒன்றுமில்லை.

கண்டியில் எங்களுக்கும் ஒரு லீக் இருந்தது. மஹய்யாவ, வத்தேகம, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை என்று நாலு அணி. அக்குறணையில் துணிக்கடை வைத்திருந்த நஸீர் நானாதான் நடத்தினார். அங்கேயும் ஒரு தரம் இங்கே, ஒரு தரம் அங்கே. போகாவிட்டால் புள்ளி போய்விடும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஆட்டம் மறுபடி தொடங்கியபோது, மஹய்யாவத் தமிழ்ப் பையன்களான நாங்கள் சிங்களவர்களின் அணியான கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் முறை வந்தது. தமிழரா என்று பார்க்க பஸ்ஸை மறித்துப் பெயர் கேட்ட நாட்கள் யாருக்கும் மறக்கவில்லை. வரமாட்டோம் என்று சொல்லியனுப்பினோம். நஸீர் நானா நேரில் வந்தார். "வராட்டி பொயின்ட் போகும், அது சட்டம். உங்களுக்கு ஒண்டு ஆயிட்டா பொறகு லீக் எங்க ஈக்கி?" என்றார். கட்டுகஸ்தோட்டைக்குப் போய் என்ன பேசினாரோ, ஞாயிறு காலையில் அந்த அணியின் தலைவன் சுனில் தன் ஆட்களோடு எங்கள் வாசலில் நின்றான்.

"நாங்க கூட்டிப் போறது, நாங்களே கொண்டு வந்து விடுறது," என்றான் தனக்குத் தெரிந்த தமிழில். பிறகு அம்மாவிடம், "அம்மே, கோல் மட்டும் நெறைய அடிக்கிறது. வேற அடி இல்ல."

அம்மா சிரிக்கவில்லை. எப்போதும் நெற்றியில் பூசிவிடும் திருநீற்றை அன்று என் நெஞ்சில் பூசி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டார். பஸ்ஸில் எங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் அவர்களில் ஒருவன் உட்கார்ந்தான். சொன்னபடியே நிறைய கோல் அடித்தார்கள். சொன்னபடியே மாலையில் கொண்டுவந்தும் விட்டார்கள். அதற்குப் பிறகு நாலு ஊரிலும் அதுவே வழக்கமாயிற்று. வென்றாலும் தோற்றாலும், வந்தவர்கள் பத்திரமாகக் கிளம்பும்வரை ஊர்க்காரர்கள் கூட நிற்க வேண்டும்.

இந்த முறை கடைசி ஆட்டத்துக்கு வடக்கே தூரத்து ஊரிலிருந்து ஓர் அணி பஸ்ஸில் வந்தது. தோற்பவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். நாங்கள் ஒரு கோலில் தோற்றோம். என் மகன் கஜன் தரையில் உட்கார்ந்து முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டான். நான் கடிகாரத்தை அணைத்துவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, வந்தவர்களின் பின்னால் பனியில் நடந்தேன்.

அவர்களின் பயிற்சியாளர் என்னைக் கண்டதும் நின்றார். "எதையாவது விட்டுவிட்டு வந்தோமா?"

"இல்லை."

"கடிகாரத்தில் பிழையா?" வென்றது கைவிட்டுப் போய்விடுமோ என்று அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இல்லை இல்லை. நீங்கள் கிளம்பும்வரை சும்மா நிற்க வந்தேன்," என்றேன், எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில். அவருக்கு விளங்கவில்லை. என்றாலும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார்.

கஜன் பையோடு வெளியே வந்தான். "என்னப்பா இது? நம்மள கீழ எறக்கிட்டுப் போறாங்க. அவங்களுக்கு நீங்க காவலா?"

"நம்ம ஊருக்கு ஆட வந்தவங்கப்பா."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இத்தனை வருசத்தில் இந்த ஊரை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. கஜன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, பஸ் திரும்பி மறையும்வரை பக்கத்தில் நின்றான்.

வீட்டுக்கு வந்து கதிர்காம முருகன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினேன். பஸ்ஸில் போன அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் என் நாக்குக்கு வரவில்லை. பனிமலைப் பாதை முருகனுக்குப் பழக்கமோ என்னவோ. நாலாம் நம்பர், ஏழாம் நம்பர், கோலில் நின்ற அந்த நெட்டைப் பையன் என்று சட்டை நம்பரைச் சொல்லி ஒவ்வொருவராக முருகன் கையில் ஒப்படைத்தேன்.