எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான்

கீழச்சிவல்பட்டி ஏகப்பன் யாரிடமும் எதையும் குறை சொல்லி அறியாதவர். காப்பியில் சீனி போட மறந்துவிட்டால் அப்படியே குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைப்பார். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் காலை இழுத்துக்கொள்வார். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்ற அன்றைக்கு, மாலை போட்ட தலைவர் இவர் பேரையே மாற்றிச் சொன்னார். அதையும் கேட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். இப்படிப்பட்டவர்களைத் தங்கமான மனிதர் என்று ஊர் சொல்லும். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆயுசுக்கும் வேண்டாம், ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை வாயைத் திறந்திருந்தால் போதும்.

அவருக்கு ஒரு தங்கை உண்டு. சிவகங்கைக்குக் கல்லூரியில் படிக்கப் போன இடத்தில் வளன் என்கிற கிறிஸ்தவ வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அது எழுபத்தொன்றாம் வருஷம். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி. அவரவர் கோயிலில் பதிந்தால்தான் சொந்தத்தில் சேர்த்தி. இளையாத்தங்குடிக் கோயிலில் அவளுக்குப் புள்ளி இல்லை என்று ஆகிப்போனது. இரண்டு வருஷத்தில் அப்பச்சி, அவர்களுடைய அப்பா, படுத்த படுக்கையானார். அதற்குள் அவருக்குப் பார்வையும் முழுசாகப் போயிருந்தது. மகன் கையைத் தடவிப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். அவள் பேரை வாயால் சொல்லக்கூடாது, அவளோடு பேசக்கூடாது, அவள் கடுதாசி இந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது.

ஏகப்பன் ஒரு சொல் மீறவில்லை. தங்கை புருஷனோடு கனடாவுக்குப் போனதும், பிறகு வளன் இறந்ததும் ஊர்வாயாகக் காதில் விழுந்ததோடு சரி. தொண்ணூற்றெட்டில் யாரோ ஒருவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் போனார். அதில் அவளுடைய இமெயில் முகவரி இருந்தது. ஒரு மாசம் அந்தச் சீட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார் ஏகப்பன். பிறகுதான் அவருக்கு விளங்கிற்று. இமெயிலுக்கு வாய் வேண்டாம், அது வீட்டு வாசலுக்கும் வராது. சத்தியத்துக்குள்ளேயே ஒரு சந்து இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் ஏறிக் காரைக்குடி செக்காலையில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்கு வருவார். அங்கே நான்கு கம்ப்யூட்டர். பார்த்துக்கொண்டவள் மெர்சி என்கிற இருபத்தைந்து வயசுப் பெண். இவருக்கு இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்கும் அப்பச்சியின் வியாதிதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டாலும் என்றைக்கு வேண்டுமானாலும் குறையலாம் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். அவர் திரைக்குள் மூக்கை நுழைப்பதைப் பார்த்துவிட்டு மெர்சிதான் அந்தப் பொத்தானைக் காட்டினாள். திரையின் மேல் வரிசையில் வலது ஓரத்தில் இருக்கும். ஒரு தடவை அழுத்தினால் எழுத்து ஒரு சுற்றுப் பெருக்கும். மூன்று தடவை அழுத்தினால் கொட்டை கொட்டையாக நிற்கும்.

தங்கை தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவாள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து, ‘அண்ணே’ என்று வாய்க்குள் வந்து சேர்ந்ததும் ஏகப்பனுக்கு முகம் மலரும். அப்பச்சி திவசத்தன்று அங்கே பனி பெய்தது என்பாள். உங்க கண்ணு எப்படி இருக்கு என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள், இவரும் பதில் அடிப்பார். அந்தச் செவ்வாய்க்காகத்தான் அவர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார்.

தொண்ணூற்றொன்பது ஜூன் கடைசியில், ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் பிரவுசரின் புதுப் பதிப்பு இருந்தது. மெர்சி நான்கு கம்ப்யூட்டரிலும் அதைப் போட்டுவிட்டாள். மறுநாளே சண்டை ஆரம்பித்தது. குறித்து வைத்த பக்கமெல்லாம் எங்கே போச்சு என்று ஒரு வக்கீல் குமாஸ்தா குதித்தார். கல்லூரி லெக்சரர் ஒருவர், நிறமெல்லாம் மாறிவிட்டது, யார் கேட்டார்கள் இதை என்று நாற்காலியை உதறிவிட்டு எழுந்தார். மகளுக்கு இன்டர்நெட்டில் மாப்பிள்ளை தேட வந்த ஓர் அம்மாள், பழசையே போடு, இல்லையென்றால் நான் வேறு கடைக்குப் போகிறேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டாள். மெர்சி சளைக்காமல் கேட்டவர்களுக்குக் கேட்டதைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். பெரும்பாலும் ஒளிந்திருந்ததே தவிர ஒழியவில்லை. எழுத்துப் பொத்தானும் அப்படித்தான், மேல் வரிசையிலிருந்து எடுத்து ஒரு பட்டியலுக்குள் சொருகியிருந்தார்கள். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏகப்பன் வந்து தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். புதுக் கடிதம் வந்திருப்பது தெரிந்தது. திறந்தால் எழுத்தெல்லாம் கடுகு கடுகாக ஊர்ந்தது. கைப்பழக்கத்தில் அதே ஓரத்தில் அழுத்தினார். வேறு என்னவோ திறந்தது, மூடினார். மறுபடி அழுத்தினார். பொத்தான் இருந்த இடத்தில் ஒரு மசமசப்புதான் தெரிந்தது. பொத்தானை எடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அப்பச்சிக்கு வந்த நாள் எனக்கும் வந்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

மெர்சி, “என்னய்யா, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீக?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல தாயி. வேற சோலி இருக்கு” என்றார்.

மெர்சியைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம் என்று வாசல்வரை நினைத்தார். வாய்விட்டுப் படித்தால் அது தங்கை பேசிய மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தார். சத்தியம் அங்கேயும் வந்து குறுக்கே நின்றது.

அதற்குப் பிறகு அவர் காரைக்குடிக்குப் போகவில்லை. மனைவி தேனம்மை பயந்துவிடக்கூடாது என்று, தினமும் காலையில் வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார். பயம் பிடித்த கண்ணுக்கு அதுவும் மங்கலாகத்தான் தெரிந்தது. படிக்காமலே பக்கத்தைப் புரட்டுவார். சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஆகஸ்ட் கடைசியில் மதுரை டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கண் போன வருஷம் இருந்தபடியே இருக்கிறது, ஒரு வரிகூடக் குறையவில்லை என்றார். ஏகப்பனுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. மாறியது கண் இல்லை, அந்தத் திரைதான் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே காரைக்குடி பஸ் ஏறி மெர்சி முன்னால் வந்து நின்றார். அறுபத்தொரு வயசில் முதல் முறையாக ஒரு குறை சொன்னார்.

“தாயி, எழுத்துப் பெருசாகுற பொத்தானைக் காணோமே.”

மெர்சி பட்டியலைத் திறந்து இரண்டு தட்டுத் தட்டினாள். எழுத்து கொட்டை கொட்டையாக எழுந்து நின்றது. “அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா ஒரு நிமிஷ வேலையாச்சேய்யா” என்றாள். மூன்று கடிதங்கள் காத்திருந்தன.

முதலாவது, அவர் அன்றைக்கு மூடிவிட்டுப் போனது. தங்கை ஊருக்கு வருகிறாளாம். ஆனி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் இளையாத்தங்குடிக் கோயிலில் இருப்பாளாம். நீங்கள் பேச வேண்டாம், பார்த்தால் போதும். வரவில்லையென்றால் மனசு இல்லை என்று எடுத்துக்கொள்வேன், அதற்குமேல் தொந்தரவு செய்யமாட்டேன் என்று எழுதியிருந்தாள். கீழச்சிவல்பட்டிக்கு இளையாத்தங்குடி கூப்பிடு தூரம். அந்த வெள்ளிக்கிழமை அவர் முகப்பில்தான் இருந்தார்.

இரண்டாவது கடிதம் அவள் திரும்பிப் போகும்போது மதராஸிலிருந்து அனுப்பியது.

“அண்ணே, நடை சாத்துறவரைக்கும் உக்காந்திருந்தேன். நான் தப்பா நினைக்கலை. திரும்பயில வண்டி நம்ம வீதி வழியாப் போச்சு. முகப்புல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீக. அப்பச்சிக்குக் குடுத்த சொல்லு, அதனால நான் இறங்கலை. உங்க கண்ணு நல்லாருக்குன்னு தெரிஞ்சுச்சு. எனக்கு அது போதும்.”

மூன்றாவது, அவள் மகன் டோனி எழுதியது. அவனுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷில் நான்கே வரி. அம்மாவுக்கு ஒரு வருஷமாகப் புற்றுநோய், டாக்டர் தடுத்தும் கேட்காமல்தான் இந்தியா வந்தார், ஆகஸ்ட் ஏழாம் தேதி இறந்துவிட்டார். உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னார்.

ஏகப்பன் மறுபடி இரண்டாவது கடிதத்துக்குப் போனார். அந்த எழுத்துகள் திரை முழுக்க நின்றன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னார். மெர்சி சின்னதாக்கினாள். இன்னும் சின்னதாக என்றார். அதற்குமேல் குறையாது என்று சொல்லத் திரும்பியவள், அவர் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“யாருய்யா இவுக, உங்களுக்கு என்ன வேணும்?”

“என் தங்கச்சி” என்றார் ஏகப்பன். பிறகு, அப்பச்சி செத்த நாளிலிருந்து வாயில் வராத பேரை, பக்கத்து நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்.

“மீனாள்.”