நிற்கும் பேருந்தின் செலவு

கணிதத்தில் முதுகலை படித்து, முப்பத்தைந்து வருஷம் அதைச் சொல்லிக்கொடுத்தே சாப்பிட்டவன் நான். கரும்பலகையில் நான் தப்பாகப் போட்ட கணக்குகள் குறைவு. அவற்றில் ஒன்று மட்டும் ஒரு மனிதரை இரண்டு வருஷம் கூடுதலாக நிற்க வைத்துவிட்டது. நிற்க வைத்தது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. அவர் பஸ் கண்டக்டர்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டுட்டோரியலில் அப்போது வேலை பார்த்தேன். எனக்கு முப்பது வயது. தபால் வழியில் பி.காம். எழுதுகிறவர்களுக்கு மாலையில் வணிகக் கணிதம் எடுக்க வேண்டும். எனக்கு அது பிடிக்காத வேலை. வணிகம் படிக்கிறவர்கள் எல்லாம் கணக்கு வராமல் அங்கே ஒதுங்கியவர்கள் என்று ஓர் இளக்காரம் எனக்கு உண்டு. பாடப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம், தொகை நுண்கணிதத்தை வணிகத்திலும் பொருளாதாரத்திலும் பயன்படுத்துவது பற்றியது. அதை நான் ஒரு முறைகூட முழுதாகப் படித்ததில்லை. தொகை காணத் தெரிந்தவனுக்குக் கடைக்கணக்கு ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வகுப்பில்தான் கண்டக்டர் இருந்தார். வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ் அவருடையது. அவருடையது என்றால், அதில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவது அவர் என்று அர்த்தம். நாற்பதைத் தொட்டிருந்தார். மலைப்பாதை வளைவுகளில் பல வருஷம் ஒரு காலை ஊன்றிச் சமாளித்ததில் வலது முழங்கால் போய்விட்டது. வகுப்புக்கு வந்ததும் தோல் பையைக் கழற்றி மடியில் வைத்து, காலை மெதுவாக நீட்டி, "அப்பாடா, ஒக்கார ஒரு எடம்" என்பார். எல்லாரும் சிரிப்போம்.

அவருக்கு பஸ் முதலாளி ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஆபீசில் இருந்த கணக்கர் சித்திரையோடு வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போகிறார். அதற்குள் டிகிரி வாங்கினால் அந்த நாற்காலி கண்டக்டருக்கு. மற்ற எல்லாத் தாளையும் அவர் தேறிவிட்டார். வணிகக் கணிதம் மட்டும் மூன்று முறை காலை வாரியிருந்தது.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. அந்த முறை சாலை மறியல் நாட்கணக்கில் நீண்டது. தியாகதுருகம் சாலையில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஒன்றும் ஓடவில்லை. வெளியூர் மாணவர்கள் வர வழியில்லாமல் டுட்டோரியலைப் பூட்டிவிட்டார்கள். ஊருக்குள் இருந்தது நானும் கண்டக்டரும்தான்.

"எனக்கு இப்பதான் சார் லீவு கெடச்சிருக்குது. வுட்டா கெடைக்காது. வண்டி செட்டுல சும்மாதான் நிக்குது. அதுலயே ஒக்காந்து படிக்கலாம், வாங்க" என்றார்.

அப்படித்தான் முதலாளி வண்டி நிறுத்தும் செட்டில் நின்றிருந்த பஸ்ஸுக்குள் எங்கள் வகுப்பு தொடங்கியது. 'கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை' என்று எழுதிய மரப்பலகையைத் திருப்பி வைத்தால் பின்பக்கம் நல்ல கறுப்பு. அதுதான் கரும்பலகை. டிரைவர் சீட்டில் நான். முதல் வரிசையில் அவர், எதிர் சீட்டில் அவருடைய கால்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் பாடம் நடத்தியதில்லை. நுகர்வோர் உபரி என்று ஒரு பகுதி. ஒரு பொருளுக்கு மக்கள் எவ்வளவு கொடுக்கத் தயார், உண்மையில் எவ்வளவு கொடுக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பரப்பைத் தொகையிட்டுக் காண வேண்டும். நான் வளைகோடு வரைந்து, கோடு போட்டு, நிழலிட்டு மூச்சு வாங்கினேன். அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், வெள்ளிமலையில ஒரு ஆளு பலாப்பழத்தத் தூக்கிக்கினு ஏறுவான். அஞ்சு ரூபா கேட்டாலும் குடுத்துடணும்னு மனசுல வச்சிருப்பான். நான் ரெண்டு ரூபா டிக்கெட்ட கிழிச்சேன்னு வைங்க, மூஞ்சில ஒரு சிரிப்பு வரும். அடுத்தவன் மூணு ரூபா மனசுல வச்சிருப்பான், அவனுக்குச் சிரிப்பு கம்மி. இப்படி வண்டியில கீற சிரிப்ப எல்லாம் கூட்டுனா உங்க ஏரியா வந்துடுங்களா?"

வந்துவிடும். அதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. பிற்பாடு பல வருஷங்கள் வகுப்பில் இதை என் சொந்தச் சரக்காக எடுத்துவிட்டு நான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது சின்ன குற்றம்.

பெரியது அதற்கு அடுத்த நாள் நடந்தது. தொகை காணும்போது விடையின் கடைசியில் C என்று ஒரு மாறிலியைச் சேர்ப்பது வழக்கம். எல்லை கொடுத்துத் தொகை காணும்போது அது தானாகவே அடிபட்டுப் போகும். ஏன் போகிறது என்று அவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே டிக்கெட் கட்டை எடுத்துக் காட்டினார். கண்டக்டர்கள் வண்டி கிளம்பும்போது கட்டின் முதல் டிக்கெட் எண்ணை டிரிப் ஷீட்டில் குறித்துக்கொள்வார்கள். போய்ச் சேர்ந்ததும் முடிவு எண்ணிலிருந்து அதைக் கழித்தால் எத்தனை டிக்கெட் விற்றது என்று தெரிந்துவிடும்.

"ஆரம்ப நம்பரு நூறா இருந்தா இன்னா, எழுநூறா இருந்தா இன்னா? கழிச்சா போயிடுது. அந்த மாதிரிதானே சார் உங்க C-யும்?"

"அதே மாதிரிதாண்ணே!" என்று நான் டிரைவர் சீட்டிலிருந்து துள்ளினேன்.

"அப்ப இந்தச் செலவுக் கணக்குல மட்டும் கழிக்கிறதுக்கு ஒண்ணும் காணோமே? இதுல C-ய இன்னா பண்றது?"

அவர் கேட்டது இறுதிநிலைச் செலவுக் கணக்கு. ஒவ்வொரு பொருளும் கூடும்போது எவ்வளவு செலவு கூடுகிறது என்று கொடுத்திருப்பார்கள். அதைத் தொகையிட்டு மொத்தச் செலவைக் காண வேண்டும். நான் ஒரு நொடி யோசித்தேன். ஒரே ஒரு நொடிதான்.

"வுட்டுடுங்கண்ணே. ஒண்ணுமே செய்யாதவனுக்கு ஏது செலவு? எல்லாம் பூஜ்யத்துலதான் ஆரம்பிக்கும். அதனால C பூஜ்யம்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளி செட்டுக்குள் வந்தார். தினமும் சாயந்தரம் வந்து, ஓடாத பஸ்ஸைச் சுற்றி நடந்து புலம்பிவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்றைக்குக் குரல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

"ஒம்போது நாளா ஒரு ட்ரிப்பு கெடயாது! டாக்ஸு நின்னுதா? இன்சூரன்ஸ் நின்னுதா? செட்டு வாடகை நின்னுதா? வண்டி மட்டுந்தான்யா நிக்குது. ஓடுனாலும் செலவு, ஓடலைன்னாலும் செலவு!"

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினேன். "மொதலாளி, கொஞ்சம் மெதுவா பேசுங்க. உள்ள பாடம் நடக்குது."

"என் செட்டு, என் வண்டி. அதுல ஒக்காந்துக்கினு எனக்கே சத்தம் போடாதன்றியா வாத்தியாரே?" என்று அவர் பஸ்ஸைத் தட்டினார். ஆனாலும் போகிற வழியில் இரண்டு டீ அனுப்பிவிட்டுத்தான் போனார். டீயைக் குடித்துக்கொண்டே C இல்லாமல் ஆறு கணக்குகளைப் போட்டு முடித்தோம்.

மறியல் ஓய்ந்தது. பஸ்கள் ஓடின. தள்ளிப்போன தேர்வு திருக்கோவிலூரில் நடந்தது. துணைக்கு நானும் போனேன். வெளியே வந்தவர் முகம் மலர்ந்திருந்தது. திரும்பும் பஸ்ஸில் கேள்வித்தாளை என் கையில் கொடுத்தார்.

"எல்லாமே நம்ம போட்டதுதான் சார். இந்தச் செலவுக் கணக்கும் வந்துச்சு. ஆனா இதுல நெலைச் செலவு ஐந்நூறு ரூபான்னு ஒண்ணு குடுத்திருந்தான். அது இன்னாத்துக்கு? சும்மா நம்மளக் கொழப்பறதுக்குன்னு வுட்டுட்டேன்."

கேள்வித்தாளை இன்னொரு முறை படித்தேன். ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் ஆகிற செலவு ஒன்று உண்டு. ஓடாத வண்டிக்கும் வரி உண்டு, வாடகை உண்டு. அதற்காகத்தான் அந்த C. ஐந்நூறு ரூபாய் அதற்குள் போய் உட்கார வேண்டும். பத்து நாளாக நாங்கள் அந்த C-க்குள்ளேயே உட்கார்ந்து, அதற்குச் சொந்தக்காரரை வாயை மூடச் சொல்லிவிட்டு, அது பூஜ்யம் என்று படித்திருக்கிறோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். தியாகதுருகம் மலைக்கோட்டை கண்ணில் படுகிற வரைக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோட்டை வந்தது, பின்னால் போயிற்று. நான் கேள்வித்தாளை மடித்துக் கொடுத்து, "பரவால்லண்ணே, பாத்துக்கலாம்" என்றேன்.

நான்கு மதிப்பெண்ணில் தோற்றார். அந்த ஒரு கணக்கு அதைவிட அதிகம் பெறும். முடிவு வந்த அன்று டுட்டோரியல் வாசலில் ஒரு பாட்டில் மலைத்தேனோடு நின்றார்.

"மன்னிச்சிக்கங்க சார். நீங்க அவ்ளோ நல்லா சொல்லிக் குடுத்தீங்க. நான்தான் எங்கியோ கோட்ட வுட்டுட்டேன்."

"கூட்டல்ல எங்கியாவது விட்டிருப்பீங்கண்ணே" என்றேன். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. தேன் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். தோசைக்குத் தொட்டுக்கொண்டு அதைத் தீர்த்தும்விட்டேன்.

ஆபீஸ் நாற்காலியில் முதலாளி தன் அக்கா மகனை உட்கார வைத்தார்.

அடுத்த தேர்வுக்கு அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை கடைசி அத்தியாயத்தை ஒழுங்காகப் படித்து வைத்திருந்தேன். ஆனால் போன முறை சொன்னதை மாற்ற வேண்டுமே. "சிலபஸ் மாத்திட்டாங்கண்ணே. இனிமே C போடணுமாம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு சார். அந்த ஐந்நூறு ரூபா எனக்கு மனசுல உறுத்திக்கினே இருந்துச்சு" என்றார். எழுதினார், தேறினார். ஆனால் நாற்காலி காலியாக இல்லை. அக்கா மகனுக்கு ஆபீஸ் சலித்து, டயர் வியாபாரத்துக்குப் போகிற வரைக்கும், ஆக மொத்தம் இரண்டு வருஷம், அவர் மலைப்பாதையில் நின்றார்.

அந்த இரண்டு வருஷமும் சனிக்கிழமைகளில் மலையில் ஒரு பள்ளிக்குப் பாடம் எடுக்க அவருடைய பஸ்ஸில்தான் போனேன். நான் ஏறியதும் படிக்கட்டை ஒட்டிய கண்டக்டர் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டு, "ஒக்காருங்க சார்" என்பார். முதல் வாரம் மறுத்தேன். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். இரண்டாவது வாரத்திலிருந்து நானே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது முழங்காலை என் சீட்டின் கம்பியில் சாய்த்து, இடது காலில் நின்று டிக்கெட் கிழிப்பார். ஏறுகிறவர்களிடம் எல்லாம், "இவருதான் எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்த சாரு" என்பார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

பிறகு எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அவர் அந்த நாற்காலியில் நெடுங்காலம் உட்கார்ந்து ஓய்வு பெற்றார் என்று கேள்விப்பட்டேன். அது கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் போன தை மாதம் ஒரு வேலையாகக் கள்ளக்குறிச்சிக்குப் போனபோது, வெள்ளிமலை பஸ்ஸின் ஜன்னலோரம் அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். மகள் வீட்டுக்குப் போகிறாராம். நான் போக வேண்டியது வேறு பஸ். ஆனால் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளிமலைக்கு டிக்கெட்டும் வாங்கினேன். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப சிலபஸ் மாறல?"

"மாறலண்ணே."

"C எப்பவுமே இருந்துச்சு?"

"எப்பவுமே."

"மொதலாளி அன்னிக்கே கத்திக்கினு இருந்தாரு சார். நம்ம ரெண்டு பேருதான் காதுல வாங்கல." பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டார். "அந்த ரெண்டு வருசமும் என் பொண்டாட்டி தெனம் இதுக்கு எண்ண தேச்சி வுட்டா. அவகிட்ட சொன்னா சிரிப்பா. இப்ப அவ இல்ல."

கச்சிராயப்பாளையம் தாண்டி மலை தெரிந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"எழுந்திருங்க சார்."

எழுந்தேன். அவர் தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் வசதியாக நீட்டிக்கொண்டார். "வெள்ளிமலை வரைக்கும் அப்படியே வாங்க."

இப்போதைய கண்டக்டர், பேரப்பிள்ளை வயசு, ஓடி வந்தார். "பெரியவரே, பின்னாடி சீட்டு காலியாத்தான் கீது. ஏன் நிக்கறீங்க? போய் ஒக்காருங்க."

"அவரு ஒக்கார மாட்டாருப்பா" என்றார் என் பழைய மாணவர். "கணக்கு வாத்தியாரு. ஒரு கணக்க சரி பாத்துக்கினு வராரு."

கோமுகி அணை கீழே போயிற்று. வளைவுகள் தொடங்கின. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடது காலில் நிற்பதா வலது காலில் நிற்பதா என்று தெரியாமல் ஆடினேன். என் முழங்காலும் ஒன்றும் புதிதல்ல. அவர் கண்ணை மூடிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"எத்தினியாவது வளைவு சார்?"

"ஆறு."

"இன்னும் ஜாஸ்தி கீது" என்றார், கண்ணைத் திறக்காமல், மிகுந்த சந்தோஷத்தோடு.