அம்மா முகத்தில் இருந்த கீரை

என் தம்பி மகள் மெர்சிக்கு நாலு வயது. அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகள் ஓடியாட, இவள் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். டீச்சர் சொல்லி அனுப்பினார்.

தம்பிக்குக் கம்பெனியில் ஷிப்ட். அதனால் அவன் மனைவி ஜெசியும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தச்சத்து குறைவாக இருந்தது.

"சிரப் எழுதித் தரேன். கீரை, பயறு, மீன் எல்லாம் குடுக்கணும். கீரை சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அது எங்க டாக்டர் சாப்புடுது? வாயிலயே வெக்க மாட்டேங்குது" என்றாள் ஜெசி.

"பாப்பாவைக் கேக்கலம்மா. உங்களைக் கேட்டேன்."

கீரை என்றதுமே ஜெசியின் மூக்கு சுருங்கியது. மடியில் இருந்த மெர்சி அண்ணாந்து அம்மாவைப் பார்த்தாள். அவள் மூக்கும் சுருங்கியது... அச்சு அசல் அப்படியே!

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பாத்தீங்களா? எது நல்லது, எது ஆகாதுன்னு இந்த வயசுல மூளை அம்மா முகத்தைப் பாத்துதான் கத்துக்கும்."

திரும்பி வரும் பஸ் வில்லியனூரை நெருங்கும்போது ஜெசி வாயைத் திறந்தாள்.

"சின்ன வயசுல எனக்கு மஞ்சக்காமாலை வந்துதுக்கா. மூக்கைப் புடிச்சிகினு பச்சிலையை அரைச்சி ஊத்துவாங்க. வாந்தியா எடுப்பேன். அதுலேர்ந்து பச்சையா எதைப் பாத்தாலும் வயித்தைப் பொரட்டுது." மெர்சியின் தலையைத் தடவியபடி, "எம் மூஞ்சியாலதான் எம் பொண்ணுக்கு ரத்தம் கொறைஞ்சிதாக்கா?" என்றாள். கண் நிறைந்திருந்தது.

பச்சிலைக்கும் வாந்திக்கும் எப்போதோ போட்ட முடிச்சை அவள் மூளை இன்னும் அவிழ்க்கவில்லை. அது அவள் குற்றமா?

"மூஞ்சியைப் பாத்துக் கத்துகிட்டதுதானேடி? மூஞ்சியைப் பாத்தே மாத்திக்கும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

அன்று சாயங்காலமே ஜெசி முருங்கைக்கீரை பொரியல் செய்தாள். குழந்தைக்குப் பிடிக்குமே என்று சென்னாக்குன்னி – அதுதான், பொடி உலர் இறால் – வறுத்துப் போட்டிருந்தாள். 'கட்டாயப்படுத்தாதீங்க, பக்கத்துல உக்காந்து நீங்க சாப்பிடுங்க' என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஜெசி சிரித்த முகத்தோடு ஒரு வாய் வைத்தாள். மென்றாள். கண்ணில் நீர் முட்டியது. எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டாள்.

மெர்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். போச்சு, இனி இவள் ஜென்மத்துக்கும் கீரையைத் தொடமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெசி விடவில்லை. மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும். சோற்றில் ஒளித்து, ரசத்தில் கரைத்து, மூச்சை அடக்கி... விழுங்கும்போது அவள் கை தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கும். மெர்சி இறாலை மட்டும் பொறுக்கித் தின்பாள். அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள்.

ஒருநாள் ஜெசி பிசைந்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாய்க்குப் போகவில்லை. மெர்சி நகர்ந்து அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா? பயமா கீதா?"

"ஆமாண்டி."

மெர்சி அம்மாவின் தட்டிலிருந்து கொஞ்சம் கீரையைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். வாயை ஆவென்று திறந்து, நாக்கை நீட்டிக் காட்டினாள்.

"பாரு, ஒண்ணும் பண்ணல. இப்ப நீ... ஆ காட்டு."

பிஞ்சு விரலில் கீரை. ஜெசி வாயைத் திறந்தாள். அழுதுகொண்டே மென்றாள். மூக்கு மட்டும் சுருங்கவில்லை.

இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாம் சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சுகிறோம், மிரட்டுகிறோம், செல்போனைக் காட்டி ஏமாற்றுகிறோம். ஆனால் பிடிக்காத ஒன்றோடு பெரியவர்கள் போராடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறோமா? அம்மாவுக்கு உதவி தேவை என்று தெரிந்ததும் அந்தச் சின்ன மூளை தன் பயத்தை மறந்துவிட்டதே!

போன வாரம் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏறியிருக்கிறது. மெர்சி ஓடுகிறாள்... பிடிக்கத்தான் முடியவில்லை. ஜெசிக்குக் கீரை இன்னும் பிடித்துவிடவில்லை. ஆனால் வயிற்றைப் புரட்டுவதில்லையாம்.

நேற்று மதியம் நான் தட்டோரம் ஒதுக்கி வைத்த பாகற்காயை மெர்சி பார்த்துவிட்டாள். மெதுவாக நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா அத்தே... பயமா கீதா?"