கழுத்தில் தொங்கும் வட்டு

யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே அவர் கண் கணினியைத் தேடும். கண்டுவிட்டால் நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான். சட்டைக்குள்ளிருந்து சிவப்புக் கயிற்றோடு, கணினியில் செருகுகிற தீப்பெட்டி அளவு வட்டு ஒன்று வெளியே வரும். "ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கட்டுமா?" என்பார். பதில் வருவதற்குள் ஆஃப் ஆகியிருக்கும்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவர் வேலை. எல்லா மூக்குக்கும் பொருந்துகிற சட்டம் உலகத்தில் கிடையாது என்று வாடிக்கையாளர்களிடம் சலிக்காமல் சொல்கிற மனிதர், எல்லாக் கணினிக்கும் பொருந்துகிற வட்டைச் செய்தே தீருவேன் என்று மாதக்கணக்காகத் தவம் கிடக்கிறார். அவருடைய கோப்புகள், அமைப்புகள் எல்லாம் அந்த வட்டுக்குள் இருக்கும்; அதைச் செருகி ஆன் செய்தால் எவர் கணினியும் அவருடையதாகக் கண் விழிக்க வேண்டும். விழிக்காவிட்டால் பழி வட்டின்மேல் விழாது. "மிஷினுக்கு வயசாயிடுச்சு" என்பார், போன மாதம் வாங்கிய கணினியைப் பார்த்து.

நேற்று மனைவியின் கணினியில் உட்கார்ந்து வட்டைப் புதிதாகச் செய்தார். மனைவி பதிப்பகங்களுக்குப் புத்தகப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவர். வீட்டில் பாதி அடுப்பு அந்தக் கணினியால்தான் எரிகிறது. கணினியை எழுப்புகிற நிரலை எங்கே வைக்கட்டும் என்று திரை கேட்டது. படிக்காமலே 'சரி' என்று தட்டினார். அது வட்டுக்குள் போகாமல் மனைவியின் கணினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இன்று காலை மச்சினன் வீட்டில் வட்டு அசைந்தே கொடுக்கவில்லை. மச்சினனின் கணினிக்காக அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தபோது மனைவி போனில் வந்தார். திரை கறுப்பாக நிற்கிறது, மதியத்துக்குள் புத்தகம் அச்சுக்குப் போகாவிட்டால் இனி வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றார். குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் இவர் வட்டை உருவிக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினார்.

ஓட்டமும் நடையுமாக வந்து, இருக்கிற கம்பிகளையெல்லாம் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். கடைசியில், வேறு வழி தெரியாமல், கழுத்து வட்டைச் செருகினார். கணினி சமர்த்தாக எழுந்தது. மனைவியின் பக்கங்கள் பத்திரமாக இருந்தன. நேற்று தட்டிய 'சரி' அப்போதுதான் அவருக்கு உறைத்தது: எழுப்புகிற நிரல் இந்தக் கணினியில், அது தேடுகிற மிச்சம் வட்டில்; ஒன்றில்லாமல் மற்றது எழாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியா, ஓடுது."

"எந்த வீட்டுலயும் ஓடும்னீங்க. இப்ப இது இல்லாம நம்ம வீட்டுலயே ஒண்ணும் ஓட மாட்டேங்குது" என்றார் மனைவி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அசைந்தால் வட்டு ஆடும், ஆடினால் எல்லாம் போய்விடும் என்று பயம். கயிறு கழுத்தில் கிடக்க, மேசைமேல் தலையைச் சாய்த்தபடி அவர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மனைவி வேலையை முடித்துப் பக்கங்களை அனுப்பினார். பதிப்பகத்திலிருந்து 'வந்து சேர்ந்தது' என்று பதில் வந்தபிறகுதான் இவருக்கு மூச்சு வந்தது.

"அஞ்சே நிமிஷம், சரி பண்ணித் தந்துடறேன்" என்று வட்டின் பக்கம் மெல்லக் கையை நீட்டினார்.

மனைவி அந்தக் கையை நகர்த்தி வைத்தார். செருகிய வட்டை எடுக்காமலே, சிவப்புக் கயிற்றை மட்டும் அவர் தலைவழியாகக் கழற்றி, மேசைக் காலில் சுற்றி முடிச்சுப் போட்டு, இறுகிவிட்டதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.