நீதிபோதனை பீரியட்

மகளின் சிவப்பு மைப் பேனா இன்று கசிந்தது. அந்த வாசம் பட்டதுமே, சங்கரன்கோவிலில் இப்போது செல்போன் கடையாகிவிட்ட என் தகரக்கூரை வகுப்பறைக்குள், பக்கத்துத் தெரு விசைத்தறிகளின் தடதடப்புக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நீதிபோதனை பீரியடை எப்போதும் கணக்கு டீச்சர்தான் பிடுங்கிக்கொள்வார். பரீட்சை வைத்து, தாள்களை எங்களுக்குள் மாற்றித் திருத்தச் சொல்வார். ஒருமுறை, முப்பத்து நான்கு வாங்கிய தோழி செல்விக்கு நான் ஒரு மார்க் கூட்டிப் போட்டுப் பாஸாக்கினேன். அவளோ எழுந்துவிட்டாள்.

"டீச்சர், இவ ஒரு மார்க் கூடப் போட்டுட்டா. நான் ஃபெயிலுதான்."

அடி வாங்க நானாகவே கையை நீட்டினேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். "நீதிபோதனை முடிஞ்சிட்டு. எல்லாரும் வெளையாடப் போங்க மக்கா."

முதல் ராங்க்காரியைக்கூட நாங்கள் அப்படித் தூக்கியதில்லை. ஃபெயிலான செல்வியைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினோம்.